பிரெஞ்சில் 'அவனை', 'அவளுக்கு' எங்கே போய் உட்காரும்? கேள்வி பதில்

பிரெஞ்சு படிக்கும் சிலர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ழ' வருகிற இடத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவின் ழ-வை நினைத்துக்கொள்ளுங்கள், வாழைப்பழத்தின் ழ இல்லை.

அக்கா, 'நான் அவனைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'ழெ வுவா லெ' என்று எழுதினேன், மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

தம்பி, ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனதால் வந்த வினை இது. தமிழை வைத்தே யோசித்திருந்தால் சரியாக வந்திருக்கும்: நான், அவனை, பார்க்கிறேன். ழெ, லெ, வுவா. வரிசை அப்படியே பொருந்துகிறது பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் வினைக்குப் பின்னால் போகும் ('ழெ வுவா போல்', போலைப் பார்க்கிறேன்), பிரதிப்பெயர் (அவனை, அவளுக்கு மாதிரிச் சொல்) என்றால் முன்னால் வந்துவிடும், குழப்பமே இதில்தான். இந்த லெ (அவனை), லா (அவளை), லே (அவர்களை) எல்லாம் தனியாக நிற்கத் தெம்பில்லாத சொற்கள், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரி வினையை ஒட்டியே நிற்கும். 'பார்க்கவில்லை' என்றால் 'ழெ நெ லெ வுவா பா'. பேச்சில் அந்த 'நெ' காணாமல் போய்விடும், ஆனால் 'லெ' வினையை விட்டு ஒரு அங்குலம் நகராது.

'ஐ' வந்தால் லெ, 'க்கு' வந்தால் லுயி என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தந்தார்கள். நம்பலாமா?

பாதி தூரம் நம்பலாம். 'அவனுக்குக் கொடுக்கிறேன்' லுயிதான், 'அவருக்குப் பதில் சொல்கிறேன்' அதுவும் லுயிதான். ஆனால் 'அவனுக்கு உதவுகிறேன்' என்று வந்ததும் குறுக்குவழி குழியில் இறக்கிவிடும், ஏனென்றால் உதவு என்கிற 'எதே' நேரடியாகவே ஆளைப் பிடிக்கிற வினை: 'ழெ லேத்' (லெ-யும் ஏத்-தும் ஒட்டிக்கொண்டது). நான் பல வருஷம் 'ழெ லுயி ஏத்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை, பிரெஞ்சுக்காரர்களின் மரியாதை சில சமயம் நமக்கே கேடு. காத்திருப்பதும் அப்படித்தான். நமக்கு 'அவனுக்காக', அவர்களுக்கு வெறும் 'அவனை': 'ழெ லத்தான்'.

இன்னும் வேடிக்கை நம்முடைய 'கேள்'. 'அவனிடம் கேட்டேன்' என்றால் 'ழெ லுயி ஏ துமாந்தே'. 'அவன் சொன்னதைக் கேட்டேன்' என்று காது கொடுத்த அர்த்தம் வந்தால் 'ழெ லே எகூத்தே', இங்கே லுயி கிடையாது. போன் செய்வதற்கே இரண்டு வினை இருக்கிறது. 'தெலெஃபோனே' லுயியைக் கேட்கும், 'அப்லே' லெ-யைக் கேட்கும். அதனால் வினையைப் படிக்கும்போதே அதற்குப் பின்னால் 'ஆ' (நம் 'க்கு' மாதிரி ஒரு சிறு சொல்) உண்டா இல்லையா என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை. அதிலும் 'பான்ஸே' (நினை) போக்கிரி: 'ஆ' இருக்கிறது, ஆனாலும் 'ழெ லுயி பான்ஸ்' தப்பு. ஆளை நினைத்தால் 'ழெ பான்ஸ் ஆ லுயி', விஷயத்தை நினைத்தால் 'ழி பான்ஸ்'.

அப்புறம் ஒன்று, லுயி அவனுக்கும் ஆகும், அவளுக்கும் ஆகும். லெ, லா மட்டும்தான் ஆண் பெண் பார்க்கும்.

இரண்டு பிரதிப்பெயர் சேர்ந்து வந்தால் எது முதலில்? தலை சுற்றுகிறது.

மெ (எனக்கு), தெ (உனக்கு), நூ (நமக்கு), வூ (உங்களுக்கு) இருந்தால் அவைதான் முதலில்: 'இல் மெ லெ தொன்', அவன் அதை எனக்குத் தருகிறான். இரண்டுமே படர்க்கை என்றால் லெ முந்திக்கொள்ளும்: 'ழெ லெ லுயி தொன்'. கட்டளையில் மட்டும் எல்லாம் வினைக்குப் பின்னால் ஓடிவிடும்: 'தொன்-லெ-முவா', அதை என்னிடம் கொடு. 'கொடுக்காதே' என்று மறுத்தால் மறுபடி முன்னால், பழைய வரிசையிலேயே: 'நெ மெ லெ தொன் பா'. கியூபெக்கில் பேச்சுவழக்கில் 'தொன்-முவா-லெ' என்பதும் காதில் விழும், தேர்வில் எழுதிவிடாதீர்கள். பிரான்சிலும் சாதாரணப் பேச்சில் 'லெ லுயி' என்று நாக்கைச் சுழற்ற அலுத்துப்போய் லெ-யை விழுங்கிவிட்டு 'ழெ வே லுயி தீர்' (அவனிடம் சொல்லிவிடுகிறேன்) என்றே முடித்துக்கொள்வார்கள்.

'அவர் என்னை அவளுக்கு அறிமுகப்படுத்துகிறார்' – இல் மெ லுயி…?

வராது. மெ-யும் லுயியும் ஒரே வினைக்கு முன்னால் சேர்ந்து நிற்காது. 'இல் மெ ப்ரெஸாந்த் ஆ எல்' என்று ஒன்றைப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

'பார்க்க விரும்புகிறேன்' மாதிரி இரண்டு வினை இருந்தால்?

எந்த வினைக்கு அது சொந்தமோ அதற்கு முன்னால். பார்ப்பதுதானே அவனை, விரும்புவது இல்லையே, ஆகவே 'ழெ வெ லெ வுவார்'. 17-ஆம் நூற்றாண்டில் 'ழெ லெ வெ வுவார்' என்று எழுதுவதும் சாதாரணம், மொலியேர் காலத்து நாடகம் வாசித்தால் திடுக்கிட வேண்டாம். இன்றைக்கும் முதல் வினையிலேயே தொற்றிக்கொள்கிற இடம், ஒருவரை வைத்து ஒரு வேலையைச் செய்விக்கிற 'ஃபேர்'. சைக்கிளைக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்கிறேன் என்றால் 'ழெ லெ ஃபே ரெபாரே'.

சாவியை மேசைமேல் வைத்தேன், 'மீ'யா 'மீஸ்'ஸா?

'மீஸ்'. சாவி, அதாவது 'க்ளே', பெண்பால், அதைக் குறிக்கிற பிரதிப்பெயர் முன்னால் வந்துவிட்டதால் வினையும் பெண்பால் ஆகிறது: 'ழெ லே மீஸ்' (இந்த லே, லா-வும் துணைவினை 'ஏ'-யும் ஒட்டியது). புத்தகம் என்றால் 'ழெ லே மீ'. பெரும்பாலான வினைகளில் இது எழுத்தில் மட்டும்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டில் க்ளேமான் மாரோ என்ற கவிஞர் இத்தாலிய மொழியைக் காட்டி இந்த விதிக்கு வாதாடினார், திட்ட வேண்டுமென்றால் அவரைத் திட்டுங்கள்.

கடைசியாக, 'ஆன்' எதற்கு? இல்லாமலே புரிகிறதே?

ரொட்டிக் கடையில் போய் நில்லுங்கள். பகெத் கேட்டதும் அந்த அம்மா 'வூஸான் வூலே கோம்பியன்?' என்பார், அதில் எத்தனை வேண்டும் என்று. நாம் 'ழெ வெ தெ' (இரண்டு வேண்டும்) என்றால் அவர் காதுக்கு எதுவோ தொங்கலில் நிற்கும், 'அதில்' என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்: 'ழான் வெ தெ'. கொஞ்சம் மரியாதையாக 'ழான் வூத்ரே தெ'. பின்னால் வரிசை நீளமாக இருந்து பதற்றமாக இருந்தால் 'தெ, சில் வூ ப்ளே' என்று இரண்டு விரலைக் காட்டுங்கள், நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் வாங்கினேன்.