டிவியும் செல்போனும் வீட்டுக்குள் வந்ததால் குடும்பமும் குழந்தைகளும் எப்படி மாறுகிறார்கள்?

திரை மட்டுமே குற்றவாளி இல்லை. தாத்தா பாட்டி உடன் இல்லாத சிறிய குடும்பம், அப்பா அம்மா இருவருக்கும் வேலை, வெளியே விளையாட இடமின்மை எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய வெற்றிடத்தில்தான் அது வந்து உட்கார்ந்தது.

டிவி வந்தபோது வீடே ஒரு பெட்டியின் முன் கூடியது. பேச்சு குறைந்தாலும் எல்லோரும் பார்த்தது ஒன்றே. அதைப் பற்றிச் சிரிக்கவும் சண்டை போடவும் முடிந்தது. ஸ்மார்ட்போன் அதையும் பிரித்துவிட்டது.

குழந்தைக்குப் பெரிய இழப்பு பேச்சுதான். கேட்பதால் மட்டும் மொழி வருவதில்லை. குழந்தை ஒலி எழுப்ப, நாம் பதில் சொல்ல, அது மறுபடி முயல, அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி வளர்கிறது. யாரும் கவனிக்காமல் டிவி ஓடிக்கொண்டிருந்தாலே பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 1970களில் உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க, கைக்குழந்தை அவளை ஈர்க்கப் பலவாறு முயன்று, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போனில் மூழ்கிய பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே நினைவுக்கு வந்து மனம் வலிக்கிறது.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். தொலைவில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோ காலில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.