காய்ச்சல் இல்லை என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

நாய் கடித்து ரத்தம் வந்து மூன்று நாளாகியும் காய்ச்சலோ வீக்கமோ இல்லை, உடம்பே கிருமியை விரட்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். ரேபிஸ் வைரஸ் சத்தமில்லாமல்தான் வேலை செய்யும். தொற்றிய செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து மற்ற செல்களை எச்சரிக்கப் பார்க்கும். வைரஸின் பி புரதம் அந்த எச்சரிக்கையையே அமுக்கிவிடும். அப்புறம் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் அவ்வளவாகப் படாது. பெரும்பாலும் அறிகுறி வரும்வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கூடத் தெரியாது, அதனால் ரத்தப் பரிசோதனையும் உதவாது.

தடுப்பூசியால் எதிர்ப்பொருள் உருவாக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற, முன்கூட்டியே தயாரித்த எதிர்ப்பொருளைப் போடுகிறார்கள். முன்பு ரேபிஸ் ஊசி போட்டதில்லை என்றால் உங்களுக்கு இரண்டுமே வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.