நாய் கவ்வி வந்த ஆமையை என்ன செய்வது?

சோழவந்தானுக்கு அருகே வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்பில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழை விட்டதும் எங்கள் நாய் ஆமையைக் கவ்விக்கொண்டு வருகிறது. பிடுங்கிக் கீழே வைத்தால் புஸ்ஸென்று சீறுகிறது. பிறகு முக்கால் மணி நேரமானாலும் தலையை நீட்டுவதில்லை. செத்துவிட்டதா? தொட்டியில் விட்டு வளர்க்கலாமா?"

பெரும்பாலும் அது சாகவில்லை, காத்திருக்கிறது. உங்கள் ஊரும் அடங்கிய, பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பகுதியில் வயலுக்கும் கண்மாய்க்கும் இடையே மழைநாளில் நடந்து செல்வது, பால் ஆமை என்று சொல்லப்படும் நன்னீர் ஆமையாகத்தான் இருக்க வேண்டும். அதன் முதுகில் கட்டங்கள் தெரியாது; ஓட்டின்மேல் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும்.

நீங்கள் கேட்ட சீற்றம் கோபத்தின் குரல் அன்று. ஆமையின் விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றிப்போய் உருவானதே மேல்ஓடு என்பதால், நம் நெஞ்சுக்கூட்டைப் போல அது விரிந்து சுருங்காது. தலையும் கால்களும் சடாரென்று உள்ளே போகும்போது நுரையீரலுக்கான இடம் குறைந்து, அங்கிருந்த காற்று பீறிட்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான். பால் ஆமைக்கு இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு: அடிப்பக்கத்தின் பின்முனையில் உள்ள இரண்டு தோல்மடிப்புகள், உள்ளிழுத்த பின்னங்கால்களைக் கதவு சாத்துவதுபோல மூடிக்கொள்ளும். கவ்வுவதற்குத் துருத்திய உறுப்பு எதுவும் கிடைக்காமல் நாய் சலித்துவிடும் வரை அப்படியே கிடப்பதுதான் அதன் போர்முறை.

ஆகவே முதலில் நாயைக் கட்டுங்கள். ஆமையை வாய்க்கால் ஓரத்தில், நிழலில் விட்டுவிட்டு நீங்களும் விலகி நில்லுங்கள். குழாய்போல் நீண்ட மூக்கு நுனி முதலில் எட்டிப் பார்க்கும், பிறகு கண்கள், கால்கள் கடைசியில்தான் வரும். ஆள் அசைந்தால் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். தூக்க நேர்ந்தால் பின்னங்கால்களுக்கு அருகில் இரு கைகளாலும் பிடியுங்கள். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளமானது, கடியும் பலமானது.

புதர்க்காட்டில் காணப்படும், முதுகில் நட்சத்திரக் கோலம் கொண்ட கட்டாமையைக் கோடையில் தூக்காமல் இருப்பதே நல்லது. பயத்தில் அது உடலில் சேமித்த நீரைக் கழித்துவிடும். வறட்சியில் அந்த இழப்பு அதற்குப் பெரிது.

ஓட்டில் விரிசல் விழுந்திருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ நிலைமை வேறு. ஓட்டுக்கும் இரத்த ஓட்டமும் வலியும் உண்டு. பசை போட்டு ஒட்டினால் அழுக்கும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுவிடும். தண்ணீரிலும் விடக் கூடாது. ஈரத்துணி விரித்த, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் வழியாகக் கால்நடை மருத்துவரிடம் போகட்டும்.

தொட்டியில் வளர்க்கும் எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பால் ஆமையும் நட்சத்திர ஆமையும் முதல் அட்டவணையில் உள்ளவை. அன்பால் வைத்திருந்தாலும் குற்றமே. "ஆமை புகுந்த வீடு" என்ற பயத்தில் யாரேனும் அதைத் தொலைவில் கொண்டுபோய் விடச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். எந்த வாய்க்காலிலிருந்து ஏறி வந்ததோ, அதன் கரையிலேயே விடுங்கள்.