அசுரப் படையைக் கூட்டும் முன் ஒழுங்கையைப் பாருங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நண்பர்களோடு மேசையில் போர் விளையாட்டு விளையாடுகிறோம். ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடர். நாலு பேர் வீரர்கள், நான் அசுரர் பக்கம், விதிகளும் நான் எழுதியவைதான். வீரருக்கு மூன்று உயிர், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி விழும். குட்டிப் பேய்க்கு ஒரு உயிர், 5 அல்லது 6 விழவேண்டும். ஆளுக்கு ஒரு டைஸ்தான். முதல் ஆட்டத்தில் 8 பேய் விட்டேன், சுலபமாக முடித்துவிட்டார்கள். அடுத்ததில் 16 விட்டேன், நாலு பேரும் செத்துப்போனார்கள். ஒருவர் வெளிநாட்டு அசுரர் பொம்மை செட் ஒன்று தருவதாகச் சொல்கிறார், அதோடு வரும் விதிகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமாம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அந்த விதிகள் அவர்களுடைய வீரர்களுக்காக எழுதப்பட்டவை, உங்கள் மூன்று உயிர் வீரரைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பிரச்சினை பொம்மையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

வீரர்கள் முதலில் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு டைஸில் சராசரியாக இரண்டு அடி, அதாவது சுற்றுக்கு இரண்டு பேய் சாகும். எட்டுப் பேய் வந்தால் முதல் சுற்றில் திருப்பி அடிக்க மிஞ்சுவது ஆறு, பிறகு நாலு, பிறகு இரண்டு. மொத்தம் 12 அடி முயற்சி, மூன்றில் ஒன்று பலிக்கும், ஆக நாலு உயிர் போகும். உங்கள் ஆட்களிடம் இருப்பது 12 உயிர், அதனால்தான் சுலபமாக இருந்தது. பதினாறு பேய் என்றால் 14, 12, 10 என்று இறங்கி மொத்தம் 56 முயற்சி, 18 உயிருக்கு மேல் போகவேண்டும். அவ்வளவு உயிர் உங்களிடம் இல்லை, நடுவில் வீரர்கள் விழ விழ அடிக்கிற கையும் குறையும், நிலைமை இன்னும் மோசமாகும். நீங்கள் இரண்டு மடங்காக்கினீர்கள், ஆபத்து நாலு மடங்குக்கு மேல் போய்விட்டது. லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே இதைக் கணக்காக எழுதிவைத்தார். திறந்த வெளியில் எல்லாரும் எல்லாரையும் அடிக்க முடிந்தால், எண்ணிக்கையின் பலம் அதன் வர்க்கமாகப் பெருகும். 10 பேய் விடுங்கள். ஏழு உயிர் அளவில் போகும், எல்லாரும் கதிரை நுனிக்கு வருவார்கள்.

ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் தொடரையே அதுதான் காப்பாற்றப்போகிறது. மேசையில் இரண்டு பக்கமும் கிடுகு வேலி வைத்து, இரண்டு ஆள் மட்டும் அருகருகே நிற்கக்கூடிய ஒழுங்கை, அதாவது ஒடுங்கிய பாதை ஒன்று போடுங்கள். இப்போது இந்தப் பக்கம் இரண்டு வீரர், அந்தப் பக்கம் இரண்டு பேய், மற்றவர்கள் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியதுதான். எட்டுப் பேய்க்கு நாலைந்து உயிர் போகும், பதினாறுக்கு ஒன்பது பத்து. இரண்டு மடங்கு பேய், இரண்டு மடங்கு சேதம், அவ்வளவுதான். காயப்பட்டவரைப் பின்னால் இழுத்து மாற்றாளை முன்னுக்கு விடலாம். குறை என்னவென்றால் சுற்றுக்கு ஒரு பேய்தான் சாகும், பதினாறு சுற்று ஆடினால் தூக்கம் வந்துவிடும். அதற்குத்தான் வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் புகக்கூடிய ஓட்டை வைப்பது. நாலாவது சுற்றில் பொட்டுத் திறக்கிறது, அதற்குள்ளால் பேய்கள் புகுந்து பின்னால் வருகின்றன, ஒழுங்கைக் கணக்கு போய் மறுபடி திறந்தவெளிக் கணக்கு. ஆட்டம் கடினமாக வேண்டுமென்றால் பொட்டை முன்கூட்டித் திறவுங்கள், இலகுவாக வேண்டுமென்றால் பிந்தித் திறவுங்கள். பேயைக் கூட்டிக் குறைக்கத் தேவையே இல்லை. பறக்கிற பேய், தூர எறிகிற பேய் இரண்டுக்கும் வேலி ஒரு பொருட்டில்லை, அவற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் விடாதீர்கள்.

கடைசி ஆட்டத்துப் பெரிய அசுரனை மட்டும் எல்லாரும் கெடுக்கிறார்கள். கவசத்தை ஏற்றிவிடுவார்கள். ஆறு உயிர் கொடுத்து, விழுகிற அடியில் மூன்றில் இரண்டைத் தட்டிவிடுவான் என்று எழுதினால், நாலு வீரர் அடித்து முடிக்க ஒன்பது சுற்றுப் பிடிக்கும், அவனோ சுற்றுக்கு ஒரு தடவைதான் அடிப்பான். நம்மூர்க் கோயில்களில் சூரன் போர் பார்த்திருப்பீர்கள்தானே? தலை மாறும். அதையே எடுங்கள். யானைமுகம் பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடும். சிங்கமுகத்தை ஒரே சுற்றில் இரண்டு தடவை அடிக்காவிட்டால் வெட்டிய தலை திரும்ப முளைக்கும். மாமரம் நகராது, ஆனால் சுற்றி நிற்கிற எல்லாரையும் அடிக்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் மூன்று உயிர், ஒரே ஒரு விதி. ஒவ்வொரு இரண்டு வீரருக்கும் பிறகு அவன் ஒரு தடவை அடிக்கட்டும், தனி ஆள் என்பதால் இது முக்கியம்.

இனி அந்தச் செட் ஆளைப் பற்றி. 'ஒறிஜினல்' என்று வருகிற மலிவு ரெசின் உருவங்களில் நிறைய, யாரோ ஒருவருடைய பொம்மையை அச்செடுத்து வார்த்த கள்ளப் பிரதி. விரல் நுனிகள் வராமல் இருக்கும், வாளில் குமிழி இருக்கும். ரெசினில் எடுத்த 3டி பிரிண்ட் என்றால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் சரியாகக் கழுவி புற ஊதா ஒளியில் இறுக்கவில்லை என்று அர்த்தம், அது தோலை அரிக்கும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. ரெசினைத் தேய்ப்பதென்றால் தண்ணீர் போட்டு, மாஸ்க் கட்டித் தேயுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்தது 60 பாகையில் இளகும், பங்குனி வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் அசுரன் குனிந்துவிடுவான். நீங்களே நேரே எடுப்பிக்கலாம்தான், ஆனால் கொழும்புச் சுங்கத்தில் ஒரு பெட்டிப் பொம்மைக்கு என்ன வரி என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும், இந்த அலுப்பில்தான் இடையில் நிற்கிறவன் பிழைக்கிறான்.

குட்டிப் பேய்க்குக் களிமண் போதும், இல்லையென்றால் அட்டையில் வெட்டி 25 மில்லிமீட்டர் வட்டத்தில் நிறுத்துங்கள். சூரனுக்கு ஒரு காய்ந்த ஊமல், அதாவது பனங்கொட்டை எடுங்கள், தும்பைச் சீவாமல் விட்டால் சடாமுடி, 28 மில்லிமீட்டர் வீரன் பக்கத்தில் அது மலை மாதிரி நிற்கும். அப்படியும் செட் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், கையில் வாங்கித் தொட்டுப் பார்க்குமுன் அந்த ஆளுக்கு முற்பணம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.