பாட்டியின் ஆயுளும் அப்பாவின் இதயமும்

அன்புள்ள சார்,

வயது 34. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அவரைப் பெற்ற பாட்டி 93 வயதிலும் தன் துணியைத் தானே துவைக்கிறார். எச்சில் மாதிரி அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். ஃபாக்ஸோ3 என்ற மரபணுவில் நீண்ட ஆயுளோடு தொடர்புள்ள வகை எனக்கு இருக்கிறதாம். நம்பலாமா? எனக்கு வாய்த்தது பாட்டியின் ஆயுளா, அப்பாவின் ஆயுளா? முதுமையைத் தள்ளிப்போடும் இந்த ஆராய்ச்சியும் கடைசியில் வள்ளலார் சொன்ன மரணமிலாப் பெருவாழ்வுக்குத்தானே வந்து சேர்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் வள்ளலாரை விட்டுவிடுங்கள். அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யன் 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவின் திரிபு ஆயுளை இரு மடங்குக்கு மேல் நீட்டுவதைக் காட்டினார். வள்ளலார் அதைச் சொல்லவில்லை. சொல்லாததால் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, அது போதாதா? எந்த ஆராய்ச்சி வந்தாலும் ‘நம்மாள் அப்பவே சொல்லிட்டார்’ என்று ஓடிவருவது அவருக்கும் மரியாதையில்லை, விஞ்ஞானத்துக்கும் மரியாதையில்லை.

அந்தப் புழுவின் ஆயுள் அப்படி நீள டாஃப்-16 என்ற இன்னொரு மரபணுவும் வேண்டும். ஃபாக்ஸோ3, அந்த டாஃப்-16-க்கு மனித உடலில் உள்ள உறவு. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஆராய்ந்து, அதன் ஒரு வகை நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருகிறது என்று 2008-ல் எழுதினார்கள். கூட்டத்தைப் பற்றிய செய்தி அது. உங்களுக்கு எத்தனை வயது வரை என்று அதில் எழுதியிருக்காது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் வேறொன்றை மென்றுகொண்டிருந்தேன். ஆயுள் எந்த அளவுக்குப் பரம்பரை? 15 முதல் 30 சதவீதம் என்பது பழைய கணக்கு. 2018-ல் அமெரிக்காவில் கிரஹாம் ரூபியும் கூட்டாளிகளும் 40 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அடங்கிய குடும்ப மரங்களை அலசி, 10 சதவீதத்துக்கும் கீழே என்றார்கள். மறுப்பவர்களும் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது சதவீதம் இல்லை, அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழி. கணவன் மனைவியின் ஆயுள் ஒத்துப்போகிறது, சரி, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் மைத்துனர்கள், கொழுந்தியாள்கள் ஆயுளும் ஒத்துப்போகிறது! ஒரு சொட்டு ரத்த உறவு கிடையாது, ஒரே வீட்டில் வாழவும் இல்லை. தன்னைப் போன்ற ஆளைத் தேடித்தான் மனிதர்கள் கல்யாணம் செய்கிறார்கள். அந்தத் தேர்வைத்தான் இத்தனை நாள் மரபணுக் கணக்கில் எழுதிவைத்திருந்தோம் என்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு இது கண்டுபிடிப்பு. நம் ஊரில் தரகரைக் கேட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார். ஒரே சாதி, ஒரே வசதி, ஒரே உப்பு, ஒரே எண்ணெய். போதாததற்குத் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிவைத்து, ரத்தம் எங்கே முடிகிறது, சம்பந்தம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் பிரிக்க முடியாதபடி செய்துவிட்டோம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெரியப்பாவும் அவருடைய சகலையும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தார்கள். ஒரே ஷிஃப்ட். வாசலில் உட்கார்ந்து ஒரே கட்டுப் பீடியைப் பங்கு போடுவார்கள். இருட்டில் இருமினால் யார் இருமுகிறார் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. அறுபதைத் தாண்டவில்லை இரண்டு பேரும். ‘அந்த வம்சமே அப்படித்தான்’ என்று எழவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். எந்த வம்சம்? ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், அவ்வளவுதான். பஞ்சுத் தூசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தலையெழுத்து என்றார்கள் அன்று, ஜீன் என்கிறீர்கள் நீங்கள். எனக்கு எரிச்சல் வருகிறது.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்று முடித்த வயதுக்குப் பிறகு தொல்லை தரும் மரபணுவை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் களையெடுப்பதில்லை. முதுமைக்கு இதை ஒரு காரணமாகப் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952-லேயே சொன்னார். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருப்பதாகத் தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-ல் எழுதியது. இளமையில் பெரும்பாலும் சத்தம் காட்டாது, நடுவயதுக்குப் பிறகு இதயத் தசை நோயோடு தொடர்புபடுகிறது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு மாரடைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? நம் பக்கம் திடீரென்று போனால் எல்லாமே மாரடைப்புத்தான். ரத்தக் குழாய் அடைப்பா, தசை நோயா, கவனிக்காத சர்க்கரையா? எச்சிலை மெனக்கெட்டு அனுப்பிய மனிதர், இதய டாக்டரைப் பார்த்ததாக ஒரு வரிகூட எழுதவில்லையே ஐயா. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அம்மா பீரோவில் எங்காவது வைத்திருப்பார், கேட்டு வாங்குங்கள். ஈசிஜி, எக்கோ, சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் எல்லாம் பாருங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஃபாக்ஸோ3 அறிக்கையை அனுப்ப வேண்டாம்.