தமிழுக்கென்று தனிச் சைகை மொழி உண்டா? – கேள்வி பதில்

என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். தமிழும் சைகையும் எனக்கு ஒரே வீட்டில் வந்தவை. இருபது வருடமாகச் சைகை மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சைகை மொழிக்கும் வட்டார மொழிக்கும் என்ன உறவு என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இவை பதில்கள்.

கே: உலகம் முழுக்க ஒரே சைகை மொழிதானே? (சேலம்)

இல்லை. பிரிட்டன், அமெரிக்கா இரண்டு இடத்திலும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் ஒரு நாட்டுக் காதுகேளாதவர் சைகை மற்ற நாட்டவருக்குப் புரியாது. 1817-இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளிக்கு பிரான்சிலிருந்து வந்து பாடம் சொன்னவர் லோரான் கிளேர். அதனால் அமெரிக்கச் சைகைக்கு நெருங்கிய சொந்தம் பிரெஞ்சுச் சைகை. தைவானில் பேசுவது சீனம், சைகையோ ஜப்பானியக் குடும்பம். ஜப்பான் ஆண்ட காலத்துப் பள்ளிகள் வழியாக வந்தது. சைகை மொழியின் பூர்வீகம் தேடுகிறவர்கள், ஊர் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பதைவிட, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் கூடினார்கள் என்று பார்க்க வேண்டும்.

கே: அப்படியானால் தமிழ்நாட்டுச் சைகை தனி மொழியா? (விருதுநகர்)

இலக்கணத்தில் இல்லை. 1970-களில் வசிஷ்டா, உட்வர்ட் முதலான ஆய்வாளர்கள் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் சைகைகளை ஒப்பிட்டார்கள். சொற்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுவாக இருந்தது. பிறகு உல்ரிகே ஸெஷான் என்ற மொழியியலாளர் டெல்லியையும் கராச்சியையும் ஒப்பிட்டு, இலக்கணம் ஒன்றுதான் என்று காட்டினார்.

ஆனால் கிழமை, நிறம், உறவுமுறை போன்ற சொற்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும். அப்பாவும் அம்மாவும் வேறு வேறு பள்ளியில் படித்தவர்கள். கல்யாணமான புதிதில் செவ்வாயா வியாழனா என்று குழம்பி, காலண்டரைக் கொண்டுவந்து காட்டுவார்களாம். தமிழின் தடம் உதட்டில்தான் அதிகம். கை சைகை செய்யும்போதே வாய் சத்தமில்லாமல் தமிழ்ச் சொல்லை உச்சரிக்கும்.

கே: ஊமை பாஷை கற்க எத்தனை நாள் ஆகும்?

அந்தச் சொல் வேண்டாம். காதுகேளாதவர் என்று சொல்லுங்கள். எந்த மொழியையும் போலத்தான், வருடங்கள் ஆகும்.

கே: தமிழ் இலக்கணப்படியே சைகையை அமைத்துவிட்டால் என்ன? வேற்றுமை உருபுக்கு ஒரு சைகை, விகுதிக்கு ஒரு சைகை வைத்தால் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்களே? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, அக்கறையோடு கேட்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன். 'நான் உனக்குக் கொடுத்தேன்' என்பதில் யார், யாருக்கு என்பதைத் தமிழ் விகுதியிலும் உருபிலும் வைக்கிறது. சைகையில் 'கொடு' என்ற அசைவே என்னிடமிருந்து உங்களை நோக்கி வரும். திசைதான் உருபு, திசைதான் விகுதி. அதன்மேல் '-கு'வுக்கு ஒன்று, '-ஏன்'-க்கு ஒன்று என்று ஒட்டினால், ஒரு நொடியில் முடிகிற வாக்கியம் இழுபடும், பிள்ளை பாதியிலேயே விட்டுவிடும். 'நீ எங்கே போகிறாய்' என்பது சைகையில் 'நீ போ எங்கே' என்றுதான் வரும். கேள்விச் சொல் கடைசியில் நிற்பது தவறல்ல, அது அதன் இலக்கணம்.

(அவரே மீண்டும்) ஆனால் அவர்கள் எழுதுவது பிழையாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. காரணம் சைகை அல்ல. கேட்காத ஒரு மொழியை, கேட்கிறவர்களுக்குச் சொல்லித் தருவது போலவே சொல்லித் தருகிறோம். 1880-இல் காதுகேளாதோர் கல்வி பற்றி இத்தாலியில் கூடிய மிலான் மாநாடு வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானித்தபின் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்தே சைகை விரட்டப்பட்டது. என் அம்மா படித்த பள்ளியிலும் சைகை செய்தால் கையில் அடி விழும். முதலில் சைகையில் பாடம் புரியட்டும், அப்புறம் தமிழை இரண்டாம் மொழியாக எழுத்தில் கற்றுக்கொடுங்கள்.

(இடையில், கோவையிலிருந்து காதுகேளாத பெண் ஒருவர்) சார், எனக்கு ஒன்பதாம் வகுப்பில் சைகை தெரிந்த டீச்சர் வந்தார். அந்த வருடம்தான் 'ஆல்', 'ஓடு' வித்தியாசம் புரிந்தது.

நன்றி அம்மா. என்னுடைய நீண்ட பதிலைவிட இது மேல்.

கே: என் மகனுக்கு 2 வயது. காக்ளியர் இம்பிளான்ட் (உட்காதில் அறுவை செய்து பொருத்தும் கேட்புக் கருவி) செய்யலாமா?

அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பேச்சு வரட்டும் என்று சைகையைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்கு இன்றே ஒரு மொழி வேண்டும்.

கே: உலகத்துக்கே பொதுவாக ஒரு சைகை மொழி இருக்கிறதல்லவா? (மூன்று பேர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்துக் காதுகேளாத பிள்ளைகளுக்கு எந்தச் சைகை?

சிங்கப்பூர்ச் சைகைதான். 1950-களில் பெங் சூ யிங் என்ற ஆசிரியர் ஷாங்காய் சைகையைக் கொண்டுவந்தார், பின்னால் அமெரிக்கச் சைகை கலந்தது. வீட்டுத் தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கே: ஊமைகளுக்கு அகராதி உண்டா?

மறுபடியும் சொல்கிறேன், அந்தச் சொல் வேண்டாம். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. இணையத்தில் இருக்கிறது.

(தஞ்சாவூர் ஆசிரியர்) சரி, 'வந்தான்', 'வந்தாள்' எப்படிப் பிரியும்?

வினையில் பிரியாது ஐயா. பேச்சில் வருகிற ஆளை முதலில் நமக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஓர் இடத்தில் கையால் காட்டி நிறுத்துவோம், பிறகு அந்த இடத்தைச் சுட்டினால் அவர்தான். அண்ணன் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம். இரண்டு பேரையும் நிறுத்தி, யார் வந்தார் என்று உங்கள் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.