சிறந்த வீரருக்கு ஏன் ஷாட் குறைவாகக் கிடைக்கிறது?

"கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டில் என் அணியின் முதல்தர வீரர் ஒரு போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு ஷாட்தான் எடுக்கிறார். அவரைவிட மட்டமானவர் பதினெட்டு எடுக்கிறார். இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே எரிச்சலில் ஒரு சீசன் முழுவதையும் வீணடித்தவன்தான். முதலில், 'முதல்தர வீரர்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒட்டுமொத்த மதிப்பெண்ணை வைத்து என்றால் சிக்கல் அங்கேயே இருக்கிறது. ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), தடுப்பாட்டம் போன்றவையும் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆனால் இவை ஒருவரை ஷாட் எடுக்க வைக்காது. உங்கள் ஆள் அற்புதமான தடுப்பாட்டக்காரராக இருந்தால் பன்னிரண்டு ஷாட்டே அதிகம்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இந்த வகையைச் சேர்ந்த 'பாஸ்கெட்பால் ஜிஎம்' விளையாட்டின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பந்து அணியின் கைக்கு வரும்போது, களத்தில் நிற்கும் ஐந்து பேருக்குள் ஒரு குலுக்கல் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் சீட்டு கிடையாது. வளையத்துக்கு அருகில் முடிப்பது, நடுத்தூர ஷாட், மூன்று புள்ளி ஷாட் போன்ற திறன்களைக் கலந்து ஒவ்வொருவருக்கும் ஓர் எடை போடப்படுகிறது. களைத்துப்போனால் அந்த எடை குறையும். அதோடு, திறன் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்படி எடையை ஓர் அடுக்குக்கு (வர்க்கம், கனம் போல) உயர்த்திவிடுகிறார்கள்.

அடுக்கு என்ன செய்கிறது என்பதற்கு நானே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு. ஐவரின் எடை 60, 50, 40, 30, 20 என்றால் மொத்தம் 200. முதல் ஆளின் பங்கு 30 விழுக்காடு. இதையே வர்க்கப்படுத்தினால் மொத்தம் 9000, அவருடையது 3600, அதாவது 40 விழுக்காடு. இப்போது அந்த 20ஐ வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு 50ஐ வாங்குங்கள். மொத்தம் 11100 ஆகிறது. முதல் ஆளின் பங்கு 32 விழுக்காட்டுக்குச் சரிகிறது. அவர் திறனில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பக்கத்தில் நிற்பவர் மாறினார், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு இதுவே. ஏற்கெனவே இரண்டு புள்ளி குவிப்பாளர்கள் இருந்த அணிக்கு மூன்றாவதாக ஒருவரை வாங்கினேன். பழைய நாயகனின் சராசரி சரிந்ததும், வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி அவரை விற்றேன். போன இடத்தில் அவர் மறுபடியும் புள்ளிகளைக் குவித்தார். இன்றும் வலிக்கிறது.

ஆகவே ஷாட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் பயன்பாட்டு விகிதத்தையும் பாருங்கள். நிஜக் கூடைப்பந்திலும் இதே அளவுகோல்தான்: எடுத்த ஷாட்டுகள், ஃப்ரீ த்ரோக்களின் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்புகளின்) 0.44 மடங்கு, பந்தை இழந்த தடவைகள் ஆகியவற்றைக் கூட்டி, அவர் களத்தில் இருந்த நேரத்தில் அது அணியின் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறார்கள். ஐந்து பேர் என்பதால் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் 2016-17 சீசனில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் என்ற வீரர் 41ஐத் தாண்டினார். சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதும் வென்றார். ஆனால் அவர் எடுத்த ஷாட்டுகளில் உள்ளே போனது 42.5 விழுக்காடுதான். அத்தனை சுமையைத் தூக்குபவர் நல்ல ஷாட்டுக்குக் காத்திருக்க முடியாது, கிடைத்ததை எறிய வேண்டியிருக்கும். உங்கள் வீரருக்கு அந்த நிலை வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வேண்டும் என்றால், தாக்குதல் உத்தியை மாற்ற இடம்தரும் விளையாட்டுகளில் பந்து உள்ளே போவதா வெளியே சுற்றுவதா என்பதை அவருக்கு ஏற்றபடி அமைக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் நான் செய்வது: இரண்டாவது புள்ளி குவிப்பாளரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்து மாற்று வீரராக உட்கார வைப்பேன். நாயகன் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் அவர் இறங்குவார். இருவரும் சேர்ந்து நிற்கும் நேரம் குறையும், சீட்டுக்கான போட்டியும் குறையும். காலியான இடத்துக்கு ரீபவுண்டும் தடுப்பாட்டமும் மட்டுமே தெரிந்த, ஷாட் பக்கமே போகாத ஒருவர் போதும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மலிவாகவே கிடைப்பார்கள்.